வைவாவுக்கு முந்தைய வாரம்: மூளை, மருந்து, கேள்வி பதில்

(வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு முன் மனநல மருத்துவ மாணவர்கள் எழுதிக் கேட்டவையும், ஆசிரியையின் பதில்களும்.)

கே: மேடம், மூளை செல்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனின் பாதைகள் நான்கும் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. சுருக்குவழி உண்டா?

ப: மனப்பாடம் செய்வதால்தான் நிற்கவில்லை. தாளில் மூளையைப் பக்கவாட்டில் வரையுங்கள். டோபமைனைத் தடுக்கும் ஹாலோபெரிடால் மருந்தைச் சாப்பிடும் ஒரு மனச்சிதைவு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுமூளையின் வி.டி.ஏ. (வென்ட்ரல் டெக்மென்டல்) பகுதியிலிருந்து மூளையின் ஆழத்திலுள்ள நியூக்ளியஸ் அக்கம்பன்ஸுக்கு ஒரு கோடு: இங்கே டோபமைன் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை அடைத்தால் காதில் கேட்கும் குரல்கள் அடங்கும். வி.டி.ஏ.விலிருந்தே முன்நெற்றிப் புறணிக்கு இரண்டாவது: இங்கே டோபமைன் ஏற்கெனவே குறைவு என்பது கருதுகோள், மேலும் அடைத்தால் ஆள் மந்தமாகலாம். நான்காவது குட்டைக் கோடு, ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கு. பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பது டோபமைன்தான். அது தடைபட்டால் மாதவிடாய் நிற்கும், பால் சுரக்கும். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவதை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலிருந்து, உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டத்துக்குப் போவது. நான் பி.ஜி. மாணவியாக இருந்தபோது ஒரு நாள் இரவு 2 மணிக்கு 20 வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். கழுத்து ஒரு பக்கம் திருகி, விழி மேலே சொருகி, நாக்கு வெளியே. கூட வந்த பாட்டி கையில் விபூதிப் பொட்டலம். முந்தின நாள் ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்தார்கள். ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் தடைபட்டால் அங்குள்ள இன்னொரு செய்தி கடத்தியான அசிட்டைல்கொலின் கை ஓங்கிவிடும். அதை அடக்க ஒரு புரோமெதசின் ஊசி. அரை மணியில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான். பாட்டி விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டார்.

கே: லோகஸ் செருலியஸ் எங்கே இருக்கிறது?

ப: மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில். நோர்அட்ரினலின் சுரக்கும் இடம். அடுத்தது.

கே: ஆக்‌ஷன் பொட்டென்ஷியலை, அதாவது நரம்பு செல்லின் மின்துடிப்பை, விளக்குங்கள்.

ப: எம்.பி.பி.எஸ். முதலாண்டு உடலியல் புத்தகத்தைத் திறங்கள். மனநலத் துறைக்கு வந்ததால் சோடியம் வேறு வழியில் போகாது.

கே: மனச்சோர்வுக்குக் காரணம் செரோடோனின் குறைவு என்று எழுதலாமா?

ப: எழுதாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிடலோபிராம் சில மணி நேரத்தில் செரோடோனின் மீளுறிஞ்சலை (நரம்பு செல் அதைத் திரும்ப இழுத்துக்கொள்வதை) தடுத்துவிடுகிறது. மனம் தேற வாரங்கள் ஆகின்றன. குறைந்ததை நிரப்புவதுதான் வேலை என்றால் மறுநாளே சரியாகியிருக்க வேண்டுமே.

கே: அப்படியானால் 2022இல் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோஆனா மோன்க்ரீஃப் குழு சொன்னதுபோல மாத்திரையே வீணா?

ப: செரோடோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடு கால்வீக்கத்தை வடிக்கிறது. உடம்பில் ஃபுரோசமைடு குறைந்ததால் கால் வீங்கியது என்பீர்களா?

கே: ஆனால் மேடம், 'கெமிக்கல் குறைஞ்சிருக்கு, சுகருக்கு இன்சுலின் மாதிரி' என்றால்தான் நோயாளி மாத்திரை சாப்பிடுகிறார். ஓபியில் 3 நிமிடத்தில் வேறென்ன சொல்வது?

ப: தம்பி, அந்த 3 நிமிடக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை அவர் 'டெஸ்ட் எடுத்து எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க டாக்டர்' என்பார். அதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. உடம்பின் செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான். அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. தேறிவிட்டால் 'நிரம்பிடுச்சு' என்று அவரே நிறுத்தியும் விடுவார். 'முதல் வாரம் குமட்டும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும், கேட்காமல் நிறுத்தாதீங்க.' இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கே: வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறதாமே, சாப்பிட்டால் மனச்சோர்வு குறையுமா?

ப: இருக்கிறது. மூளைக்குப் போகாது. மேலே இப்போதுதான் எழுதினேன்.

கே: டோபமைன் பாதைகளை நினைவில் வைக்க ஏதாவது நிமோனிக் (குறிப்புச் சொல்)?

ப: முதல் பதில். தாள், பென்சில்.

கே: வார்டில் 68 வயதுக்காரர், மாலையிலிருந்து குழப்பம், இல்லாத பூச்சியைத் தட்டுகிறார். எந்த நியூரோட்ரான்ஸ்மிட்டர், மேடம்?

ப: முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். பிறகு மருந்துச் சீட்டில் அசிட்டைல்கொலினைத் தடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதில் அசிட்டைல்கொலினை அடக்கினால் இப்படித்தான் ஆகும். இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், போங்கள்.