தொழில்முறை விளையாட்டு அணிகள் நடத்தும் உடல்நல முகாம்களால் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா?

உங்கள் ஊர்ப் பள்ளியில் இலவச உடல்நல முகாம் நடத்த ஒரு தொழில்முறை அணி முன்வந்திருப்பதாகவும், அதற்கு ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 19 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை முறை அழைத்தாலும் வராத பிள்ளைகள், விளையாட்டு வீரர் ஒருவர் வருகிறார் என்றால் தாமாகவே வந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்காகச் சங்கர் நகர் மைதானத்தில் திரளும் இளைஞர்களையும், கோயில் கொடை விழாவை ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடியை விடிய விடியப் பார்க்கும் சிறுவர்களையும் அறிந்தவர்களுக்கு இந்த ஈர்ப்பை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஈர்ப்பு உடல்நலத்துக்கு உதவுமா என்பதை ஸ்காட்லாந்தில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 13 கால்பந்துக் கழகங்களின் ரசிகர்களில் மிகை எடையோ உடற்பருமனோ கொண்ட 747 ஆண்கள் அந்த ஆய்வில் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தத்தம் கழகத்தின் மைதானத்திலேயே 12 வாரம் உணவு, உடற்பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்காகக் காத்திருந்த மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 கிலோ எடை கூடுதலாகக் குறைந்திருந்தது. 2014இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. அவர்கள் 35 வயதைக் கடந்தவர்கள், நம் பிள்ளைகளின் சிக்கலும் வேறு என்பது உண்மைதான். ஆயினும் அங்கே அழைப்பு ஒரு நாளோடு முடியாமல் 12 வாரம் நீடித்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இங்கே பெருஞ்சிக்கல் இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. பள்ளி விட்டதும் தாயுடன் அமர்ந்து பீடி சுற்றும் எங்கள் மாணவியர், மைதானத்தில் இரண்டு சுற்று ஓடுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் அணி ஒன்றின் பெயரில் எங்கள் பள்ளியில் முகாம் நடந்தது. இரத்தம் எடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள். இரத்தசோகையைக் காட்டும் வகையில் ஹீமோகுளோபின் அளவு 8, 9 என்று எழுதிய சீட்டுகள் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள்ளேயே கிடந்தன. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கோ பெற்றோருக்கோ யாரும் சொல்லவில்லை. கிராம சுகாதார செவிலியரும் நானும் அந்தச் சீட்டுகளைத் திரட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்க மூன்று வாரம் ஆயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அதன்பின் மாநில அளவில் ஆடிய கபடி வீராங்கனை ஒருவர், எங்கள் வேண்டுகோளின்பேரில் மாதம் ஒருமுறை பயிற்சி கொடுக்க வந்தார். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிறு புரட்டுகிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவந்த காலம் அது. அவர் மதிய உணவுக்குப் பின் அவர்களோடு உட்கார்ந்து, வெறும் வயிற்றில் போட்டால்தான் புரட்டும் என்று சொல்லித் தாமும் ஒரு மாத்திரையை விழுங்கினார். நாங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லியும் கேளாதவர்கள் அன்றிலிருந்து கேட்டார்கள்.

பணத்தைப் பற்றித் தயங்க வேண்டாம். கம்பெனிகள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் நோய்த்தடுப்பும் விளையாட்டுப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளன. அணியை நடத்துவது அத்தகைய நிறுவனம் என்றால், தானம் வாங்குவதுபோல் கூசி நிற்க அவசியமில்லை, உரிமையோடு கேட்கலாம்.

பரிசோதனை முடிவுகளை அன்றே சுகாதார நிலையத்திடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மாணவியரின் பெயரும் அளவும் சுவரொட்டியிலோ முகநூலிலோ வரக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளுக்கு மறுபரிசோதனை நடக்கும் நாளை, தலைமையாசிரியர் கையெழுத்திடும் அனுமதிக் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள்.