பெற்றதும் தங்கியதும்

அன்புள்ள ஐயா,

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கணினி வேலைக்காக இங்கே வந்து 9 வருடம் ஆகிறது. மனைவி டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆயா, தாத்தா, பெரியம்மா, ரசம், கருமாதி என்று சில சொற்கள்தான் மிச்சம். இந்தக் கடிதத்தை அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தாள். 25ஆவது வாரம். எடை 690 கிராம். 9 நாள் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு, உள்ளங்கையை அவள் தலைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார் நர்ஸ். தடவக் கூடாது, அந்தத் தோல் தாங்காது, சும்மா வைத்திருங்கள் என்றார். 9 நாளும் நான் செய்தது அது ஒன்றுதான். நகராட்சி இடுகாட்டில் குழந்தைகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பக்கத்துக் குழிகளில் எல்லாம் பிளாஸ்டிக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. சட்டப்படி எனக்கு 3 நாள் விடுப்பு. 4ஆம் நாள் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் அப்பாவிடம் காரியம் பற்றிக் கேட்டேன். "பல் முளைக்காத பிள்ளைக்குக் காரியம் கிடையாதுப்பா. மனசத் தேத்திக்கோ, அடுத்தது வரும்" என்றார். அம்மா, பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நாங்கள் டர்பனுக்கு 6 மணி நேரம் காரில் போய்வந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மனைவிக்குத் தமிழ் தெரியாது என்பதால் தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. டர்பனில் அவளுடைய ஆயா வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சி விளக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் வைக்கிறாராம். யாருக்கு என்று கேட்டால் "பாப்பாவுக்கு" என்கிறாராம்.

போன மாதம் ஆடிக் கஞ்சிக்குக் கோயிலுக்குப் போயிருந்தோம். வரிசையில் நின்ற ஒரு அம்மா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். மனைவி "ஒன்று" என்றாள். அதே நொடியில் நான் "இல்லை" என்றேன். வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

இன்னொன்று. அவள் எடுத்து வைத்த பால், 11 குப்பிகள், தேதியும் மணியும் எழுதி ஒட்டியபடி ஃப்ரீசரில் இருக்கிறது. ஒருநாள் ராத்திரி எங்கள் பகுதியில் கரண்ட் போனபோது ஃப்ரீசர்மேல் கம்பளி போட்டு மூடினேன்.

அவளை எண்ணிக்கையில் சேர்ப்பதா, வேண்டாமா? கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மனைவி சொன்ன பதில்தான் சரி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் சொன்னதைக் குற்றம் என்றும் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஒருவர் முன்னால் பேச்சு மேலே வளர்ந்துவிடக் கூடாதே என்று வாய் முந்திக்கொண்டிருக்கும். ஆனால் காரில் அவர் பேசாமல் வந்ததற்கு நியாயம் இருக்கிறது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது செய்யாறு பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எத்தனை என்றதும் அப்பா "மூணு" என்றார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்தாமலே, "பெத்தது அஞ்சு, தங்கினது மூணு. சரியா எழுதிக்கச் சொல்லுங்க" என்றார். அப்பா சங்கடமாகச் சிரித்தார். ஆனால் அந்தப் படிவத்தில் நிஜமாகவே இரண்டு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. சர்க்காரும் அம்மாவின் கணக்கைத்தான் கேட்டது. வாத்தியார் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

எனக்கு முன்னால் ஒருவன், எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒருத்தி. முன்னால் பிறந்தவன் ஏழாம் மாதத்தில் வந்து மூன்று நாள் இருந்தானாம். பெயர் வைக்கவில்லை. அம்மா அவனைப் "பெரியவன்" என்றுதான் சொல்வார். வீட்டுக்கு மூத்த பிள்ளையாக வளர்ந்த என்னை அவர் ஒருநாளும் பெரியவன் என்று கூப்பிட்டதில்லை. அந்த இடம் காலியாக இல்லை. சின்ன வயதில் எனக்கு அதில் கோபம்கூட உண்டு, பார்த்தே இராத ஒருவன்மேல்.

தங்கினது, தங்கலை. நம் கிராமத்துப் பெண்களின் பேச்சில் இந்தச் சொற்களைக் கவனித்திருப்பீர்கள். வந்ததை ஒப்புக்கொண்ட பிறகுதானே தங்கவில்லை என்று சொல்ல முடியும்? உங்கள் அப்பா சொன்ன வழக்கம் உண்மைதான். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பதினாறு கிடையாது. அந்தப் பிள்ளைக்குத் தீர்க்க வேண்டிய வினை எதுவும் இல்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம். சரி, பிள்ளைக்குச் சடங்கு வேண்டாம். அம்மாக்களுக்கு? அவர்கள் அந்தப் பிள்ளையைச் சடங்கில் விட்டார்களே தவிரக் கணக்கில் விடவில்லை. உங்கள் அப்பா இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். அடுத்த முறை ஃபோனில் பேசும்போது, "ஆச்சி பெத்தது மொத்தம் எத்தனைப்பா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தலைமுறை வீடு, கூடப்பிறந்தவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய எண் ஒன்று அவர் வாயிலிருந்தே வரும் என்று நினைக்கிறேன்.

அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீட்டில், அப்புறம் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு தரம் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மா என்று பெயர் வைப்பார்கள். தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். பிச்சை என்பார்கள். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் ஆக்குவார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்பதற்காக. அப்படிப் பார்த்தால் ஒரு குப்பனுக்குப் பின்னால் தங்காமல் போன அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள். (எல்லாக் குப்பனும் அப்படி இல்லை. தாத்தா பெயராகவும் வந்திருக்கும்.) நான் டர்பன் பக்கத்தில் வெருலத்தில் குடியிருக்கிறேன், சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இந்த மாகாணத்தில் குப்பன் என்பது குடும்பப் பெயர். வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, கையைத் தூக்கும் பையனுக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்கும் சொல்ல வாய் வராது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டிரூரோ கப்பல் டர்பனில் கரை தொட்டது முதல் 1911 வரை வந்த கூலிக் கப்பல்களின் ஆள் பட்டியலைப் பாருங்கள். கைக்குழந்தைக்கும் ஒரு எண் போட்டிருப்பான் வெள்ளைக்காரன். அவன் போட்டது கருணையால் இல்லை, அவனுக்குக் கணக்கு வேண்டும். ஆனாலும் அந்த எண் இருப்பதால்தான் அந்தக் குழந்தை இருந்தது இன்று நமக்குத் தெரிகிறது.

உங்கள் மகளுக்கும் எண் இருக்கும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 13 இலக்கம், அதில் முதல் ஆறு அவள் பிறந்த தேதி. இந்த நாட்டின் 1992ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில், உயிரில்லாமல் பிறந்த பிள்ளை 26 வாரமாவது வயிற்றில் இருந்திருந்தால்தான் பதிவேட்டில் ஏறும். அதற்கு முன்னால் போன சிசுவைப் புதைக்கும் உரிமை கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கு 2022ல் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. உங்கள் மகளுக்கு 25 வாரம்தான். ஆனால் அவள் மூச்சு விட்டாள். மூச்சு விட்ட பிள்ளைக்கு வாரக் கணக்கு கிடையாது. பிறப்பும் பதிவாகும், இறப்பும் பதிவாகும். அரசாங்கம் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

சட்டத்தின் கோடு எனக்கு அவ்வளவு முக்கியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 வாரத்தில் போன பிள்ளையின் தாய் இதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான். புறநானூற்றில் சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் இருந்து பாடிய பாட்டு ஒன்று உண்டு. 74ஆவது பாட்டு. மறக்குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதை "ஆள் அன்று" என்று ஒதுக்காமல் வாளால் கீறித்தான் புதைப்பார்களாம், வீரனுக்குச் செய்வதைப் போல. வாளை நினைத்தால் எனக்குக் குலை நடுங்குகிறது. ஆனால் "ஆள் அன்று" என்று சொல்ல மாட்டோம் என்கிற அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

அம்மா சொன்ன கார்ப் பயணத்துக்கு வருகிறேன். இதை மனைவிக்கு நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். குறைமாதப் பிரசவத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்கள் கிருமித்தொற்று, கர்ப்பப்பை வாய் முன்னதாகவே திறந்துகொள்வது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுவது, நஞ்சுக்கொடிக் கோளாறு, இரட்டைப் பிள்ளை. பல பேருக்கு எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. கார் சீட்டில் உட்கார்ந்து போனது அந்த வரிசையில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரத்துக்கு முன் பிறந்திருக்கிறார்கள். அவ்வளவு அம்மாக்களும் டர்பன் போகும் என்.3 நெடுஞ்சாலையிலா போனார்கள்? "ஏழாம் மாசம் பிழைக்கும், எட்டாம் மாசம் பிழைக்காது" என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டே, அதைப் போலத்தான் இதுவும். நிஜத்தில் வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம். 25 வாரத்தில் நுரையீரலின் சின்ன அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பு போதுமான அளவு ஊறியிருக்காது. அதற்கு 34, 35 வாரம் ஆக வேண்டும். உங்கள் மகள் அப்படிப்பட்ட நுரையீரலோடு 9 நாள் இருந்திருக்கிறாள்.

உங்கள் அம்மாவைத் திட்டாதீர்கள். அவரும் பேத்தியைப் பறிகொடுத்தவர்தான். பழிபோட ஒரு இடம் தேடுகிறார், மருமகள் கிடைத்தாள். ஆனால் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டியது நீங்கள்தான், உங்கள் மனைவி இல்லை. "அம்மா, இனிமே காரைப் பத்திப் பேசாதீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

இனி அந்தப் பால். கடிதத்தில் கடைசியில் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டு ஓடிவிட்டீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்ததே அதைத்தான் என்று படுகிறது.

பிள்ளை இல்லாமல் போனது மார்புக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுரக்கும். என் வகுப்புப் பையன் ஒருவனின் பெரியம்மா சொல்வார், முப்பது வருடம் முன்னால் தன் பிள்ளை போனபோது முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிக்கொண்டு, பீய்ச்சிய பாலைக் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினாராம். அந்த மரம் இன்னும் இருக்கிறது. வீட்டை விற்கச் சொன்னால் மரத்தைக் காட்டி மாட்டேன் என்கிறார்.

உங்கள் ஃப்ரீசரில் இருப்பதற்கு 5 மாதம் ஆகப் போகிறது. 6 மாதம்வரை நன்றாக இருக்கும் என்பார்கள். இந்த நாட்டில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. பிள்ளையை இழந்த தாயிடமும் வாங்கிக்கொள்வார்கள். தாய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடுபடுத்தி, உங்கள் மகள் இருந்ததைப் போன்ற பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் குடிக்கும். 11 குப்பி அங்கே பெரிய சொத்து. கேட்டுப் பாருங்கள். நாள் ஆகிவிட்டது, வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அதற்கும் தயாராக இருங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் மனைவி இஷ்டம். கொடுக்க மனசு வரவில்லை என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. கம்பளி போட்டு மூடியவர் நீங்கள். உங்களுக்கே தெரியும்.

எதைச் செய்தாலும் ஒரு குப்பியை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். நம் ஊரில் அடக்கம் முடிந்து பால் தெளிக்கப் போவோமே, கடையில் வாங்கின பாலோடு. உங்கள் மகளுக்கு யாரும் தெளிக்கவில்லை. காரியம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இது காரியம் இல்லை. ஐயர் வேண்டாம், நாள் பார்க்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் போய்வாருங்கள். முதல் நாள் ராத்திரியே குப்பியை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் விடிவதற்குள் இளகியிருக்கும்.

போவதற்கு முன்னால் ஆயாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டர்பனிலிருந்து 6 மணி நேரம்தானே, வருகிறேன் என்பார்.

அன்புடன்.