டிஜிட்டலாக வாங்கிய வீடியோ கேம் நமக்குச் சொந்தமா?

கேள்வி: தம்பிக்கு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கருவி வாங்கித் தரப் போகிறேன். டிஸ்க் போடும் வசதி உள்ளதை வாங்கவா, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் எடிஷனை வாங்கவா? டிஜிட்டலாக வாங்கினால் கேம் நமக்குச் சொந்தமே இல்லை என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

டிஸ்க் போடும் வசதி உள்ளதையே வாங்குங்கள். விலையில் சில ஆயிரம் ரூபாய் கூடும். ஆனால் தம்பி ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு வாங்கலாம். கூடுதலாகக் கொடுத்த பணம் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். முதல் பாதிக்கு இவ்வளவு போதும். கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

என் அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு, பொங்கலுக்குத் தாத்தா கொடுத்தது, பிறந்தநாளுக்கு வந்தது எல்லாம் சேர்த்து உண்டியலில் 1,900 ரூபாய் வைத்திருந்தான். அதை அப்படியே என் கையில் கொட்டி, ஒரு கேமை என் கார்டில் வாங்கித் தரச் சொன்னான். வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம், பரீட்சை நாட்கள் தவிர, தினமும் ஒரு மணி நேரம் ஆடினான். ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. "மாமா, நெட் வரல. பில் கட்டலையான்னு அம்மாகிட்ட கேட்டா கட்டியாச்சுங்கிறாங்க" என்றான். மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறான். நெட்டில் கோளாறு இல்லை. கேமை நடத்திய நிறுவனம், கேம் இணையம் வழியாகத் தொடர்புகொள்ளும் தன் சர்வர் கணினியை மூடிவிட்டது. மூடப் போவதாக மெயில் வந்திருக்கிறது, அது என் இன்பாக்ஸில் விளம்பரங்களுக்கு நடுவே திறக்கப்படாமல் கிடந்தது. தனியாக ஆடுகிற பகுதிகூட அந்த சர்வரைக் கேட்காமல் திறக்காது.

"காசு கொடுத்துத்தானே மாமா வாங்கினோம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல நியாயமான பதில் எதுவும் என்னிடம் இல்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வீடு, மனை விஷயத்தில் நம்மிடம் சொற்கள் தெளிவாக இருக்கின்றன. கிரயம் என்றால் பத்திரம் நம் பெயருக்கு வந்துவிடும், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். வாடகை என்றால் மாதா மாதம் கொடுத்துக் குடியிருப்பது. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறோம், காலி செய்யும் அன்று அந்தத் தொகை முழுசாகக் கைக்கு வந்துவிடும். டிஜிட்டல் கேம் இந்த மூன்றில் எது? பட்டனில் 'வாங்கு' என்று இருப்பதால் கிரயம் போலத் தெரிகிறது. உள்ளே போய் ஒப்பந்தத்தைப் படித்தால், நமக்குக் கிடைப்பது அதை ஆடுவதற்கான உரிமம் மட்டும்தான் என்று இருக்கிறது. அதை விற்க முடியாது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் உள்ள கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவும் அதன் ஒப்பந்தம் இடம் தருவதில்லை. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்கிறார்கள், காலி செய்யச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு பைசாவும் திரும்பாது. ஒத்திக்கு இருந்தவருக்குக் கிடைக்கும் மரியாதைகூட இதில் கிடையாது.

பணத்தைத் திருப்பித் தந்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இணையம் வழியாகவே கேம் ஆட வைத்த கூகுளின் ஸ்டேடியா சேவை 2019 நவம்பரில் தொடங்கியது, இந்தியாவுக்கு வரவே இல்லை. 2023 ஜனவரி 18 அன்று அதை மூடியபோது, தன் கடையில் விற்ற கேம்களுக்கும் கன்ட்ரோலருக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோனியின் கன்கார்ட் என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்து இரண்டே வாரத்தில் மூடப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கேதான் என் ஆதங்கம்.

சொல்லையாவது ஒழுங்காகச் சொல்லுங்கள் என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்பவர் பிறகு பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு, இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது என்கிறது. அது நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே, 2024 அக்டோபரில், பணம் கட்டும் பக்கத்தில் நீங்கள் பெறுவது உரிமம் என்று ஸ்டீம் ஒரு வரி சேர்த்தது. அடுத்த முறை ஸ்டீமில் 'கார்ட்' என்ற கூடைப் பக்கத்தைத் திறக்கும்போது வலது பக்கம் பாருங்கள், இருக்கும். அந்த வரி இருப்பது நல்லதுதான். ஆனால் அதைப் படித்த பிறகும் 1,900 ரூபாய் அதே 1,900 ரூபாய்தான்.

இந்தப் பிரச்சினை உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணம் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம். யுபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடத்தில் வைத்திருப்பார்கள், நியூயார்க்கில் வண்டியை எடுத்தால் நிற்காமல் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஓட்டிக்கொண்டு போகலாம். ரேஸ் எதுவும் ஓட்டாமல், சும்மா ராத்திரியில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பதற்காகவே அதை வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் தனியாக ஓட்டினாலும் இணையம் இருந்தே ஆக வேண்டும் என்று அதைக் கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள். பெட்டியில் டிஸ்க்காக வாங்கியவர்களுக்கும் அதே கதிதான், டிஸ்க் உள்ளே போகும், கேம் திறக்காது. அடுத்த சில நாட்களில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தையும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

அக்கர்ஸ்ட் ஃபார்ம்ஸ் என்ற யூடியூப் சானலை நடத்தும் ராஸ் ஸ்காட் இதை எதிர்த்து 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, நஷ்டத்தில் ஓடும் சர்வரைக் காலம் முழுக்க நடத்தச் சொல்கிறார் என்று நினைக்கிறார்கள். அவர் அப்படிக் கேட்கவில்லை. மூடுங்கள், மூடும்போது கேமை ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுக்குள் 10 லட்சம் பேர் கையெழுத்திட்டால் ஐரோப்பிய ஆணையம் முறைப்படி பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை முடிவில், இந்த இயக்கத்துக்காக அங்கே தொடங்கிய மனுவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்திருந்தன. வீடியோ கேமுக்காகவா இத்தனை பேர் என்று என் அண்ணன் கேட்டார். காசு கொடுத்த பொருளுக்காக என்றுதான் நான் பார்க்கிறேன்.

அந்தப் போராட்டத்துக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. தி க்ரூ-வின் அடுத்தடுத்த பாகங்களுக்கு இணையம் இல்லாமல் ஆடும் வசதி தருவதாக யுபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது, தி க்ரூ 2-க்கு அது 2025-இல் வந்தும் விட்டது. முதல் பாகத்துக்கோ ரசிகர்களே சர்வரின் வேலையைச் செய்யும் மென்பொருளை எழுதி, 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். சம்பளம் இல்லாமல் வெளியிலிருந்து கண்டுபிடித்து எழுதியவர்களால் முடிந்தது, மூலநிரல் கையில் இருக்கும் நிறுவனத்தால் முடியாது என்று சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை.

பலர் சேர்ந்து ஆடும் கேமுக்கு இதெல்லாம் எப்படிச் சரிப்படும் என்று கேட்பீர்கள். 2000-களில் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு கணினியில் சர்வரை ஓட விடுவோம், மற்ற ஒன்பது கணினிகளும் லேன் கேபிளில் அதோடு சேர்ந்துகொள்ளும். வெளியே இணையம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. டஸ்ட் 2 என்ற மேப்பில் யார் எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை வரும். அந்த கேம் இன்றும் ஓடுகிறது, காரணம் சர்வர் மென்பொருளை ஆடுபவர் கையிலேயே கொடுத்திருந்தார்கள். இப்போதும் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 'நாக்அவுட் சிட்டி' என்ற கேமை 2023 ஜூனில் மூடிய வேலன் ஸ்டூடியோஸ், யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் வைத்து ஆடிக்கொள்ளும் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுத்தான் மூடியது. சிறிய நிறுவனம் அது.

தனியார் சர்வரில் நடக்கும் தவறுகளுக்கு யார் பொறுப்பு, செலவு கூடுமே என்று கேம் நிறுவனங்கள் தரப்பில் சொல்கிறார்கள். ஏற்கெனவே வெளிவந்த கேமைப் பிரித்துத் திருத்துவது கஷ்டம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் கட்டப் போவதற்கு அந்தச் சாக்கு பொருந்தாது. வீடு கட்டும்போதே வாசலுக்கு இடம் விடுகிறோம் இல்லையா?

டிஸ்க் இருந்தால் போதும், கவலையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். நின்டென்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம் கீ கார்டு' வகையில் கார்டுக்குள் கேமே இருக்காது, சாவி மட்டும்தான், கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். கணினியில் 2005 வாக்கில் வந்த பல கேம்களின் டிஸ்க்கில் சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்பு இருந்தது, நாம் எல்லோரும் கொண்டாடிய நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் உட்பட. அதற்குத் தேவையான டிரைவர் என்ற துணை மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அசல் டிஸ்க்கை வைத்திருப்பவரால் ஆட முடியாமல் போயிற்று. காசு கொடுத்து அசலை வாங்கியவர் தவிப்பதும் திருட்டு காப்பி வைத்திருப்பவர் நிம்மதியாக ஆடுவதும் எந்த விதத்தில் நியாயம்?

இன்னொன்று, கேம் அப்படியே இருந்தும் உள்ளே இருப்பது மாறிப்போகும். ஜிடிஏ 4 என்ற கேமில் காரில் ஏறி ரேடியோவைத் திருப்புவதே ஒரு சுகம். அதன் பாடல் உரிமங்கள் 10 ஆண்டு முடிந்ததும், 2018 ஏப்ரலில் ஒரு அப்டேட் வழியாகப் பல பாடல்களை எடுத்துவிட்டார்கள். விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்ற ரஷ்ய ஸ்டேஷன் அடையாளமே தெரியாமல் மாறிப்போனது. முன்பே வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான். நம் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் வேறு வழியிலும் வந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, காசு போட்டு வாங்கிய ஸ்கின்கள் (கேமுக்குள் போடும் உடை, துப்பாக்கித் தோற்றங்கள்) என்ன ஆகும் என்று தெரியாமல் எத்தனை பேர் இருந்தார்கள். அது அரசின் முடிவு, அதன் காரணங்கள் வேறு. ஆனால் நம் பொருள் நம் கையில் இல்லை என்பது அன்றே நிறைய வீடுகளில் புரிந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் கேம் வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். தனியாக ஆடும் கேமுக்கு, பெட்டியின் பின்பக்கத்தில் அல்லது கடைப் பக்கத்தில் 'இணைய இணைப்பு அவசியம்' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். போட்டிருந்தால் முழு விலை கொடுப்பதில்லை, நாளைக்கே மூடினாலும் மனசு வலிக்காத தொகைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் டிஸ்க்காக இருந்தால், 'டஸ் இட் ப்ளே' என்ற தன்னார்வலர் குழு டிஸ்க்குகளை இணையம் இல்லாமல் ஓட்டிப் பார்த்துப் பட்டியல் போடுகிறது, அதில் ஒருமுறை தேடுகிறேன். கணினிக்கு என்றால் போலந்தில் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடையில் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரை, அதாவது கேமை நிறுவும் கோப்பை, இறக்கி நம் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம், பிறகு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் அது ஓடும். கேட்ட கேம் எல்லாம் அங்கே கிடைக்காது, அது ஒரு குறைதான்.

அக்கா மகனுக்குப் போன தீபாவளிக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் இப்போது பதினோரு இன்ஸ்டாலர் இருக்கிறது, மேலே லேபிள் ஒட்டி பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கிறான். புதிதாக ஒன்றை நிறுவியதும் அவன் செய்யும் முதல் வேலை, மோடத்தை அணைத்துவிட்டு கேமைத் திறந்து பார்ப்பது.

உங்கள் தம்பி எந்தெந்த கேம் ஆட ஆசைப்படுகிறார் என்று எழுதுங்கள். அவற்றில் எதற்கெல்லாம் இணையம் கட்டாயம், எதற்கு இல்லை என்று பார்த்துச் சொல்கிறேன்.