ஆகன் ரயில் நிலையத்திலிருந்து: ஐரோப்பாவில் படிப்பும் பயணமும், கேள்வி பதில்

எனக்குச் சொந்த ஊர் சேலம். உலோகவியல் முதுகலை படிக்க 2022 அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கு வந்தேன். ஆகன் ஜெர்மனியின் மேற்கு ஓரம். டவுன் பஸ்ஸில் ஒரு பக்கம் போனால் நெதர்லாந்து வந்துவிடும், இன்னொரு பக்கம் போனால் பெல்ஜியம். அடுத்து கிளம்பும் தம்பி தங்கைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் நிறையக் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தொகைகளும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கிளம்பும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: அக்கா, பிளாக்டு அக்கவுண்டில் போடும் பணத்தில் உண்மையிலேயே குடும்பம் நடத்த முடியுமா?

பிளாக்டு அக்கவுண்ட் என்பது ஒரு வருடச் செலவுக்கான பணத்தை விசாவுக்காக முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு. நான் வந்தபோது 10,332 யூரோ போட்டேன். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992. உங்கள் சொந்தப் பணம்தான், ஆனால் மாதாமாதம் பிரித்துத்தான் கைக்கு வரும். ஆகனில் அறை வாடகை எனக்கு 380, மருத்துவக் காப்பீடு நூற்றுச் சொச்சம், சமைத்துச் சாப்பிட்டால் 180. சமாளிக்கலாம். ஊர் சுற்றத்தான் பெரிதாக மிஞ்சாது.

ஆனால் யாரும் சொல்லாத சிக்கல் முதல் மாதத்தில் இருக்கிறது. வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அப்புறம் இங்கே ஒரு வங்கிக் கணக்கு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பணத்தின் முதல் தவணை வந்து சேர்ந்தது. அதுவரை முன்பணம், வாடகை, போர்வை, குக்கர் எல்லாம் கையில் இருந்த காசில்தான். ஆயிரத்தைந்நூறு யூரோவாவது தனியாகக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் நான் வந்தபோது தேவைப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். விசா வேலையில் முதலில் அதைத் தொடங்குங்கள்.

திருச்சியிலிருந்து: வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறாராம். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அப்படி ஒரு வீடே இருக்காது. என்னோடு படித்த ஒருவர் இதே கதையில் 900 யூரோ இழந்தார். அறையை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாமல் ஒரு சென்ட்கூட நகரக் கூடாது. சட்டப்படி முன்பணம் கூடுதல் செலவுகள் சேராத வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. விளம்பரத்தில் இருக்கும் வாடகை ‘கால்ட்’டா ‘வார்ம்’மா என்று பாருங்கள். கால்ட் என்றால் ஹீட்டர், தண்ணீர்ச் செலவெல்லாம் அதற்கு மேல்.

எல்லை தாண்டி நெதர்லாந்தின் ஃபால்ஸ் ஊரில் தங்கினால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர்கள் அங்கே தங்குவார்கள். நம்மால் முடியாது. ஜெர்மனி தரும் அனுமதி ஜெர்மனியில் குடியிருக்கத்தான். ஃபால்ஸுக்கு காய் வாங்கப் போகலாம், குடிபோக முடியாது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: மகள் கிளம்புகிறாள். நெய், கறிவேப்பிலை, ஊறுகாய், பால்கோவா கொடுத்து அனுப்பலாமா ம்மா?

நெய்யும் பால்கோவாவும் வேண்டாம் அம்மா. வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் கொண்டு வர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. என் அம்மா உருக்கிக் கொடுத்த ஒரு லிட்டர் நெய் விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் பொடியாக்கி அனுப்புங்கள். மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் தாராளமாக வரும்.

ஒரு வேடிக்கை. சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டூரியன். ஆக, தேங்காய்க்குத் தடையில்லை.

அப்புறம், மகளிடம் சொல்லி அனுப்புங்கள்: ஜன்னலைத் திறக்காமல் மிளகாய் தாளிக்கக் கூடாது. விடுதி அறையில் புகை அலாரம் இருக்கும். தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு அவள் தலையில் விழலாம்.

கோவையிலிருந்து: கிறிஸ்துமஸ் விடுமுறையில் பத்து நாளில் எத்தனை நாடு பார்க்கலாம்? ஒரு திட்டம் போட்டுத் தாருங்கள் அக்கா.

தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

நானும் 2022 டிசம்பரில் அதைத்தான் செய்தேன். பத்து நாள், ஏழு நகரம், விடுதிச் செலவை மிச்சப்படுத்த ஐந்து இரவு பஸ்ஸிலேயே தூக்கம். இன்று கண்ணை மூடினால் எனக்கு ஞாபகம் வருவது பாரிஸின் பெர்சி, வியன்னாவின் எர்ட்பெர்க், பிராகின் ஃபுளோரென்ஸ். மூன்றும் பஸ் நிலையங்கள். எந்த நிலையத்தில் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும் என்பதுவரை சொல்வேன். பிராகில் சார்லஸ் பாலத்தில் நின்ற புகைப்படம் இருக்கிறது, நின்ற நினைவு இல்லை. ஊருக்கு ஃபோன் செய்து ‘ஏழு ஊர் பார்த்துட்டேன்’ என்று சொன்னதுதான் மிச்சம்.

அடுத்த வசந்தத்தில் கையில் காசில்லாததால் பக்கத்திலேயே சுற்ற ஆரம்பித்தேன். அதுதான் நான் பார்த்த ஐரோப்பா. எங்கள் செமஸ்டர் கட்டணத்திலேயே ரயில் டிக்கெட் அடக்கம். அப்போது எங்கள் மாநிலத்துக்குள் மட்டும் செல்லும், இப்போது ஜெர்மனி முழுக்கச் செல்லும். பாசஞ்சர் ரயில், டிராம், பஸ் எதிலும் ஏறலாம். ஐ.சி.இ. போன்ற விரைவு ரயிலில் மட்டும் ஏறக் கூடாது, அதில் பிடிபட்டால் அபராதம்.

இதை வைத்து ஒரு நாள் கோப்லென்ஸ் போனேன். மோசல் ஆறு வந்து ரைனில் சேரும் முனையில் நின்றபோது, நம் பவானிக் கூடுதுறையில் நிற்பது போலவே இருந்தது. அங்கிருந்து மைன்ஸ் போகும் மெதுவான ரயிலில் இடது பக்கம் உட்காருங்கள். ஒன்றரை மணி நேரம் ஜன்னலை விட்டு நதி விலகவே விலகாது. மலைக்கு மலை கோட்டை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கவுப் என்ற ஊருக்கு எதிரே நட்டாற்றில் கப்பல் மாதிரி ஒரு சுங்கக் கோட்டை நிற்கிறது. நான் அந்தப் பாதையில் நான்கு தடவை போய்விட்டேன்.

ஆகனிலிருந்து கிளம்பும் ஃபென்பான் சைக்கிள் பாதையையும் விடாதீர்கள். ஒரு காலத்தில் ரயில் பாதை. முதல் உலகப் போருக்குப் பிறகு தண்டவாளம் கிடந்த நிலம் பெல்ஜியத்துக்குப் போனது. சில இடங்களில் இரண்டு பக்கமும் ஜெர்மனி, நீங்கள் மிதித்துப் போகும் பாதை மட்டும் பெல்ஜியம்! மொத்தம் 125 கிலோமீட்டர், முடியும் இடம் லக்சம்பர்க். நான் முப்பதாவது கிலோமீட்டரிலேயே திரும்பிவிட்டேன். லக்சம்பர்கில் 2020 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம், முதல் வகுப்பு தவிர.

பத்து நாள் இருக்கிறதா? இரண்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள், மூன்றாவது ஊர் வேண்டவே வேண்டாம்.

நெய்வேலியிலிருந்து: ஜெர்மன் விசாவில் மற்ற நாடுகளுக்குத் தடையில்லாமல் போகலாமா? லண்டனுக்கும்?

ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது பொது விசா ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை, ஜெர்மனியில் இருக்கும் நாள் இதில் சேராது. லண்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அதனால் விசா பற்றிக் கவலையில்லை. கைப்பேசி பற்றித்தான் கவலை. ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் கிடையாதே என்ற நினைப்பில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இறங்கி மேப்பைத் திறந்தேன். அறுபது யூரோவை நெருங்கியதும் இணைப்பு தானாக நின்றது. அன்று மதியம் சாப்பாடு வெறும் ரொட்டி.

பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். எல்லையே இல்லை என்பார்கள், நம்ப வேண்டாம். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. ஒரு தடவை பஸ்ஸில் ஏறிய போலீஸ் என் அட்டையை நன்றாகப் புரட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பையனின் அட்டையை மேலோட்டமாகத்தான் பார்த்தார். இது நடக்கும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து: காசை மிச்சம் பிடிக்க உங்களுக்குத் தெரிந்த வழிகள்?

வயது 26க்குள் இருந்தால் அந்தக் குடியிருப்பு அட்டைதான் தங்கம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஒன்றிய நாடுகளும் நார்வே போன்ற சில நாடுகளும்) வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, வசித்தால் போதும். இது தெரியாமல் முதல் தடவை முழு டிக்கெட் எடுத்தேன்.

மலிவு விமானம் எடுக்கும்போது விமான நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபிராங்க்ஃபுர்ட் ஹான் என்று போட்டிருக்கும், ஃபிராங்க்ஃபுர்ட் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். பாரிஸ் போவே என்பதும் பாரிஸில் இல்லை, எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இத்தாலியில் பாசஞ்சர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்துங்கள். டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டும் கொடுமை அங்கே உண்டு. ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் பாதி திரும்பக் கேட்கலாம். ஜெர்மனியில் இது ஒரு வருமானம் மாதிரி.

ஈரோட்டிலிருந்து: படிப்பு கஷ்டமா?

கஷ்டம்தான். இங்கே 1.0 உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சி. வீட்டில் முதல் தடவை ‘1.7 வாங்கினேன்’ என்றபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பெரும்பாலான இடங்களில் ஒரு தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம், மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போச்சு. நம் ஊர் அரியர் மாதிரி இழுத்துக்கொண்டு போக முடியாது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் சண்டை என்று நினைத்தேன், அது கைதட்டல்.

திருநெல்வேலியிலிருந்து: படிப்பு ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு?

வகுப்புக்குத் தேவையில்லை, வாழ்க்கைக்குத் தேவை. வீட்டுக்காரர் ஒட்டிய நோட்டீஸ், பல் டாக்டர், காப்பீட்டுக் கடிதம் எல்லாம் ஜெர்மனில்தான். ஒரு விஷயம் நமக்குச் சுலபம்: ‘டு’, ‘ஸீ’ என்று இரண்டு. நம் நீ, நீங்கள் தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவார்கள், நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே மாணவர்கள் தங்களுக்குள் வயது பார்ப்பதில்லை, முப்பது வயதுக்காரரும் ‘டு’தான். பகுதி நேர வேலைக்கும் மொழி உதவும். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். துறையிலேயே ஹிவி வேலை, அதாவது பேராசிரியர்களுக்கு உதவும் மாணவர் வேலை கிடைத்தால் விடாதீர்கள்.

விருதுநகரிலிருந்து: பெண் தனியாகப் பயணம் செய்வது பாதுகாப்பா? குளிர்காலத்தில் தனிமை தாங்க முடிந்ததா?

தனியாக நிறையப் போயிருக்கிறேன். பெண்களுக்கு மட்டுமான அறை, இருட்டும் முன் ஊர் சேர்தல், நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி, இந்த மூன்றும் என் கட்டளைகள். பயந்தது இரண்டே தடவை. இரண்டும் நள்ளிரவில் பெரிய ரயில் நிலையத்தில் வண்டி மாறக் காத்திருந்தபோது. அதனால் நள்ளிரவில் வண்டி மாறுவதை நிறுத்திவிட்டேன்.

தனிமைதான் பெரியது. டிசம்பரில் ஆகனில் காலை எட்டரைக்கு விடியும், மாலை நாலரைக்கு இருட்டும். ஆய்வகத்துக்குள் போய் வெளியே வந்தால் சூரியனையே பார்த்திருக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். முதல் ஜனவரியில் ஒரு வாரம் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. அப்புறம் பல்கலைக்கழகத்தின் இலவச மனநல ஆலோசனைக்குப் போனேன். போனதில் வெட்கமில்லை.

என்னைத் தாங்கிய இன்னொன்று தமிழ்க் கடை. ஈழத்து அண்ணா ஒருவருடைய கடை. முருங்கைக்காய் வாங்கப் போனால் ‘தங்கச்சி, சாப்பிட்டனீங்களா?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே வாராவாரம் போனேன்.

சேலத்திலிருந்தே ஒருவர்: உங்கள் அம்மா வந்தார்களா? எங்கே கூட்டிப் போனீர்கள்?

கோடையில் வந்தார். பாரிஸ் போகலாமா என்றேன், ‘அவ்வளவு தூரம் எதுக்கு’ என்றார். சரி என்று ஜெர்மனியிலேயே ஹாம் நகரத்துக்குக் கூட்டிப் போனேன். ஆகனில் ஏறினால் மாறாமல் ஒரே ரயில், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அங்கிருந்து பஸ். ஊன்ட்ரோப் என்ற பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002இல் குடமுழுக்கு. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். தீர்த்தமாடுவது பக்கத்தில் ஓடும், சரக்குப் படகுகள் போகும் கால்வாயில்.

நாங்கள் போனது கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா பையைத் திறந்து சேலத்திலிருந்து கொண்டுவந்த தேங்காயை எடுத்தார். சுங்கத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். உடைத்துவிட்டு ஒரு மூடியைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ராத்திரி அறையில் சட்னி அரைத்தோம். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தாளித்தோம்.