வெக்கை நோயும் செரங்கெட்டிப் புல்லும்: ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தேன். ஆப்பிரிக்கப் புல்வெளிகளைப் பற்றி நான் வாசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு மாட்டு நோய். அதைக் கீழே சொல்கிறேன். பெரிய தாவர உண்ணிகள் நிலத்தை எப்படி மாற்றுகின்றன என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

செந்தில், பேரையூர்: ஐயா, சவானா என்பது காடா, புல்வெளியா?

இரண்டும் சேர்ந்தது தம்பி. தரை முழுக்கப் புல், நடுநடுவே இடம் விட்டு மரம். மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடாது. அதனால் வெயில் தரைக்கு இறங்கும், புல் பிழைக்கும். மழை, தீ, மேய்கிற விலங்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த நிலத்தை அப்படியே வைத்திருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்குப் போகாமல் பார்க்க வேண்டுமென்றால், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் குடைவேல மரம் நிற்கிற பொட்டலில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். மரத்தின் தலை விரித்த குடை மாதிரியே இருக்கும்.

முத்துச்செல்வி, ஆசிரியை, மேலூர்: லட்சக்கணக்கில் விலங்குகள் மேய்ந்தால் புல் அழிந்து போகாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள் அம்மா. ஒரு அறுகம்புல்லை வேரோடு பிடுங்கி, தாளை மெல்ல உரித்துக் காட்டுங்கள். வளர்கிற குருத்து நுனியில் இருக்காது. மண்ணை ஒட்டி அடியில், வெளுத்து, ஈரமாக உட்கார்ந்திருக்கும். மாடு மேலே கடித்துக்கொண்டு போனாலும் அந்தக் குருத்துக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி தழையும். மரக்கன்றுக்கு வளரும் இடம் நுனி. நுனியை ஆடு கடித்தால் கன்று அங்கேயே நின்றுவிடும். புல்லும் மேய்கிற விலங்கும் பல லட்சம் வருடம் சேர்ந்தே வளர்ந்தவை.

அப்புறம், எல்லா விலங்கும் ஒரே புல்லைத் தின்பதில்லை. தான்சானியா நாட்டில் இருக்கிற செரங்கெட்டி என்ற பெரிய புல்வெளியில் வரிக்குதிரை முதலில் போய் உயரமான, முரட்டுத் தாளைத் தின்னும். அது அசைபோடாத பிராணி. சத்துக் குறைந்த புல்லை நிறையத் தின்று சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். தாள் குறைந்ததும் வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கிற ஒரு பெரிய மான் இனம்) வந்து இலையை மேயும். அதற்குப் பின்னால் தாம்சன் மான் வந்து, தரையோடு துளிர்க்கிற இளம்புல்லையும் சிறு செடிகளையும் பொறுக்கும். முன்னே போனது பின்னே வருவதற்குப் பந்தி பரிமாறிவிட்டுப் போகிற மாதிரி. தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மேய்ந்து, வெட்டிவிட்ட புல்தரை போல ஆக்கி வைத்திருக்கும். சின்ன மான்கள் அங்கேதான் கூடும்.

பாண்டியராஜன், திருமங்கலம்: மாட்டு நோயால் ஆப்பிரிக்கா பக்கம் வந்தேன் என்றீர்களே, அது என்ன கதை?

வெக்கை நோய். உங்கள் தாத்தாவிடம் கேட்டால் தெரியும். காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணில் நீர், நாற்றமடிக்கிற கழிச்சல். ஒரு வாரத்தில் தொழுவமே காலியாகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஐஸ் போட்ட பெட்டியில் ஊசி மருந்தை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்புவதற்குள் ஊர் மந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஐஸ் உருகினால் மருந்து வீண். இந்தியாவில் கடைசியாக இந்த நோய் பதிவானது 1995-இல், அதுவும் நம் தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுதாக ஒழித்த இரண்டாவது நோய் இது.

இதே நோய் 1880-களின் கடைசியில் மாடுகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் போனது. பத்து வருடத்துக்குள் தென்கோடி வரை இறங்கிவிட்டது. மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன, மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். காட்டெருமை, வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி என்று பிளவுபட்ட குளம்பு உள்ளவை எல்லாவற்றையும் அது பிடித்தது. நம் மலைகளிலும் 1968-இல் முதுமலைப் பக்கம் காட்டுமாடுகள் இதே நோயில் செத்தன.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு 1950-களில் ஊசி போட ஆரம்பித்தார்கள். காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை. மாட்டிடம் நோய் நின்றதும் காட்டிலும் தானாக நின்றது. 1961-இல் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்த வில்டபீஸ்ட், 1970-களின் கடைசியில் பதின்மூன்று லட்சத்தைத் தாண்டியது. அத்தனை வாய்களும் புல்லைத் தின்றதால் கோடையில் காய்ந்து எரிவதற்குப் புல் மிஞ்சவில்லை. தீ குறைந்தது. வருடா வருடம் தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தலை தூக்கின. மரம் கூடியதும் மண்ணிலும் மரத்திலும் கரி (கார்பன்) சேர்ந்தது. மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டு மரத்தை வளர்த்தது என்று வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த ஐஸ் பெட்டியை அதற்கு முன் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

கல்லூரி மாணவி, மதுரை: வேலி போட்டு விலங்குகளைத் தடுத்தால் மரங்கள் நன்றாக வளரும்தானே சார்?

எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்ப்போம். கென்யாவில் லைகிப்பியா என்ற பகுதியில், ம்பாலா என்ற இடத்தில் 1995-இல் வேலி போட்டுப் பார்த்தார்கள். சில கட்டங்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் வராது, சிலவற்றில் பெரிய விலங்கு எதுவுமே வராது. அங்கே ஒருவகை வேலமரம், முள்ளின் அடி உருண்டையாக வீங்கி உள்ளே கூடாக இருக்கும். அதில் எறும்பு குடியிருக்கும். மரம் எறும்புக்கு வீடும் தேனும் கொடுக்கும், யானை கிளையைத் தொட்டால் எறும்பு தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்கும்.

விலங்கு வராமல் போனதும் காவலுக்கு வேலையில்லை. மரம் தேனையும் வீங்கிய முள்ளையும் குறைத்துக்கொண்டது. காவல் எறும்பு நலிந்து, வேறொரு எறும்பு அந்த இடத்தைப் பிடித்தது. புதிதாக வந்தது, தண்டு துளைக்கிற வண்டின் பொந்தில் குடியிருக்கும் இனம். வண்டைத் தடுப்பதில்லை. தின்ன யாருமில்லாத மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. 2008-இல் வெளியான முடிவு இது. அதே வேலிக்குள் எலிகள் ஏறக்குறைய இரு மடங்காயின, அவற்றோடு தெள்ளுப்பூச்சியும்.

கம்பம் விவசாயி ஒருவர்: யானை மரத்தைச் சாய்க்கிறது. அது எப்படி நன்மை?

அண்ணே, உங்கள் வாழைத்தோட்டத்தில் நடப்பது நஷ்டம்தான். அதற்கு முழு இழப்பீடு வர வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. காட்டுக்குள் கணக்கு வேறு. யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும், பாதி செரிக்காமலே வெளியே வரும். விதை பல மைல் தள்ளிப் போய் எருவோடு விழும். முறிந்த கிளையின் பிளவில் பல்லி குடியேறும். மரம் சாய்ந்த இடத்தில் வெயில் இறங்கிப் புல் வரும். ஆனால் யானைக்கு நடமாட இடம் வேண்டும். வேலிக்குள் அடைத்து, எங்கு பார்த்தாலும் தண்ணீர்த் தொட்டி கட்டினால் அதே யானை ஒரே இடத்தில் நின்று மரங்களை மொட்டையாக்கும்.

ராஜேஸ்வரி, சோழவந்தான்: ஆற்றைக் கடக்கும்போது வில்டபீஸ்ட் கூட்டமாகச் சாவதை டிவியில் பார்த்துத் தாங்க முடியவில்லை.

எனக்கும் அப்படித்தான் அம்மா. செரங்கெட்டிப் பக்கம் ஓடுகிற மாரா ஆற்றில் வருடத்துக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேல் மூழ்கிச் சாகின்றன. மீனும் முதலையும் கழுகும் தின்ற பிறகு, மிஞ்சிய எலும்பு வருடக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொடுக்கிறது.

கருப்பசாமி, கல்லுப்பட்டி: நம்ம கிடை மாடும் ஆடும் காட்டு விலங்குகள் செய்கிற அந்த வேலையைச் செய்யுமா?

முழுதாகச் செய்யாது. காட்டில் பத்து இனம் பத்து விதமாகத் தின்னும், நம்மிடம் இருப்பது இரண்டு மூன்று. ஆனால் ஒரு வேலையை நம்மவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். கிடை போட்ட நிலத்தை அதிகாலையில் பார்த்திருப்பீர்கள். ஆடுகள் எழுந்துபோன இடமெல்லாம் புழுக்கை, மூத்திர ஈரம், ஒரு மழை விழுந்ததும் சாணி வண்டு வந்து உருட்ட ஆரம்பிக்கும். அந்த வயலின் பச்சை தூரத்திலேயே தனியாகத் தெரியும். லைகிப்பியாவில் மேய்ச்சல் மக்கள் மாடுகளை இரவில் முள்வேலிக்குள் அடைப்பார்கள். அவர்கள் விட்டுப்போன தொழு இடத்தில் பல பத்தாண்டுகள் ஆனாலும் சத்தான புல் நிற்கிறது, காட்டு மான்கள் அதைத் தேடி வருகின்றன. கிடை போடுகிற நம் கீதாரிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆடும் மாடும் சீமைக்கருவேலக் காயை விரும்பித் தின்னும். விதை வயிற்றில் சாகாமல் சாணியோடு விழுந்து முளைக்கும். காய் உதிர்கிற காலத்தில் மந்தையை அந்தப் புதரில் விட்டுவிட்டு நேரே நல்ல மேய்ச்சல் தரைக்கு ஓட்டாதீர்கள்.

இளைஞர் குழு, உசிலம்பட்டி பக்கம்: ஊர்ப் பொட்டலில் 500 மரக்கன்று நடப்போகிறோம். என்ன மரம் நடலாம் ஐயா?

உங்கள் ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் பொட்டலில் குழி எடுப்பதற்கு முன் ஒரு ஐப்பசி மழை முடியட்டும், போய்ப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல்லும் அறுகும் வந்து ஆடு மேய்கிறதா, வானம்பாடி தரையில் கூடு கட்டுகிறதா? அப்படியானால் அது தரிசு இல்லை, புல்லுக்கான நிலம். முல்லைத் திணைப் பாட்டுகளில் இரலை மான் துள்ளித் திரிகிறதே, அந்த மாதிரி நிலம். அந்த மான் இன்றும் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் நிற்கிறது, அடர்ந்த நிழல் அதற்கு ஆகாது. வெள்வேலும் குடைவேலும் தானாக முளைத்திருந்தால் வெட்டாமல் விடுங்கள், சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள். 500 கன்றையும் கண்மாய்க் கரையிலும் ஓடை ஓரத்திலும் வையுங்கள். புங்கன், நாவல், மருது மூன்றும் அங்கே நன்றாக வரும்.