குழாயடியில் நிறுத்திய நர்ஸம்மா

கேள்வி: என் ஆறு வயது மகளைத் தெருநாய் கடித்து முன்னங்கையில் ரத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் இருந்தவர் மருந்து வைத்துக் கட்டி, டி.டி. ஊசி போட்டு, ‘நாயைப் பத்து நாள் பாருங்க, அது சாகலைன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்’ என்றார். மறுநாள் மனசு கேட்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ், போட்ட கட்டையும் பிரித்துவிட்டு, அழுகிற பிள்ளையைக் கால் மணி நேரம் குழாயடியில் நிறுத்தினார். தையலும் போடவில்லை. இரண்டு கையிலும் ஊசி போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே காயத்துக்குள்ளேயே ஊசியைக் குத்தினார்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்களே, இவர்களுக்கு நாய்க்கடியைப் பற்றி ஏதாவது தெரியுமா? காயம் ஆறிவிட்டது. 28-ஆம் நாள் ஊசிக்கும் போகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: ஒருவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நீங்கள் குறை சொல்லியிருக்கிறீர்களே, அந்த நர்ஸம்மாவுக்கு. உங்கள் கோபம் ஆள் மாறிப் போயிருக்கிறது.

ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோயின் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையை அந்த உறையிலும் செய்யும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது நாய்க்கடிக்கு முதல் வைத்தியம். கடித்த உடனே உங்கள் வீட்டுக் குழாயில் நடந்திருக்க வேண்டியது அது. மறுநாள் ஆனாலும் கழுவத்தான் வேண்டும் என்று தெரிந்ததால்தான் அந்த அம்மா கட்டைப் பிரித்திருக்கிறார். நீங்கள் வீட்டில் கழுவினீர்களா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. (மிளகாய்ப்பொடியா, சுண்ணாம்பா, காபித்தூளா, எதை அப்பினீர்கள் என்றும் இல்லை. நம் பக்கத்தில் எதையும் அப்பாமல் இருந்திருப்பார்கள் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.)

தையல் போடாததும் சரிதான். ஊசியும் நூலும் கிருமியை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோய் விடும். தைத்தே ஆக வேண்டிய காயமாக இருந்தாலும், காயத்துக்குள் போடுகிற மருந்தைப் போட்ட பிறகுதான் தைக்க வேண்டும்.

அந்த மருந்தின் பெயர் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி போட்டதும் உடம்பு தன் எதிர்ப்பைத் தயார் செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை கிருமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? அந்த இடைவெளிக்காக வெளியிலிருந்து ஆயத்த எதிர்ப்பைக் கொண்டுவந்து, கிருமி இருக்கிற இடத்திலேயே, காயத்துக்குள்ளும் சுற்றிலும் இறக்குகிறார்கள். முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். ரத்தம் வந்த கடிக்கெல்லாம் இது தேவை. பிள்ளை அலறியிருக்கும், பாவம். ஆனால் குத்திய இடம் சரியான இடம்.

இரண்டு கையிலும் போட்ட ஊசியைக் கவனித்தீர்களா? ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி, தோலுக்குள்ளேயே ஏற்ற வேண்டும். சரியாக ஏறினால் அந்த இடம் துவரம்பருப்பு அளவுக்கு வெளுத்துப் புடைக்கும். மேலே ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். புடைக்கவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, மறுபடி போட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை திமிறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பருப்பை எழுப்புவது பாடப்புத்தகத்தைப் படித்து வருகிற காரியமில்லை.

சரி, கிளினிக்காரருக்கு வருவோம். அவர் டாக்டரா, கட்டுப் போடுகிற உதவியாளரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல மாட்டேன். பாதி தெரிந்திருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். எச்சிலில் ரேபிஸ் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளுக்குள் செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து நாள் கணக்கு, போட்டுக்கொண்டிருக்கிற ஊசியை நிறுத்தலாமா என்று பார்ப்பதற்கு. ஊசி முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். தெருநாயைப் பத்து நாள் யார் கண் வைத்துக்கொண்டிருப்பது என்பது வேறு விஷயம். டி.டி. போட்டது தப்பில்லை, ஆனால் அது ரண ஜன்னிக்கு. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பத்து நாள் காத்திருந்து கணக்குப் பொய்த்துப்போய், நோய் முற்றி, தண்ணீரைக் கண்டதும் தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தப் பாதி அறிவு எங்கிருந்து வருகிறது? என் சின்ன வயதில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து அது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் அந்த ஊசிக்குப் பயந்து கடிபட்டதையே இரண்டு நாள் மறைத்தார். 2005-க்குப் பிறகு இந்தியாவில் அந்த மருந்து இல்லை. அப்புறம் புஜத்தில், தசைக்குள் ஐந்து என்றார்கள். இப்போது அரசு நிலையங்களில் தோலுக்குள், முதல் ஊசி போடுகிற நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28-ஆம் நாள்கள் என நாலு தடவை. முப்பது வருஷம் இந்த வேலையில் இருக்கிற ஒருவர் மூன்று பாடத்தைப் படித்து அதில் இரண்டை மறக்க வேண்டும். அரசு நிலையத்து ஆட்களையாவது கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிளினிக்கில் கட்டுப் போடுகிறவரை யார் கூப்பிடுகிறார்கள்? நான் போன ஒரு கிளினிக்கில் நாய்க்கடிச் சிகிச்சை அட்டவணை சுவரில் இருந்தது, உண்மைதான். அதன் மேலேயே நகைக்கடைக் காலண்டரை மாட்டியிருந்தார்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் லட்சுமி படத்துக்குப் பின்னால்.

1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்குவதற்கு முன்னால், தென்னாட்டில் நாய் கடித்தவர்கள் வைத்தியத்துக்கு வடக்கே கசௌலி மலை வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்கு மருந்து உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் இலவசமாக இருக்கிறது. காயத்தை முதலில் தொடுகிற ஆளுக்கு விவரம்தான் இன்னும் வந்து சேரவில்லை. கிளினிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் நடந்ததை அந்த நர்ஸம்மா மூலமாக வட்டார மருத்துவ அலுவலர் காதில் போட்டுவையுங்கள்.

28-ஆம் நாள் போகத்தான் வேண்டும். காயம் ஆறியது தோலின் வேலை. ரேபிஸ் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும், ஒரு வருஷம் கழித்து வந்ததும் உண்டு. இந்த இதழ் கைக்கு வரும்போது அந்த நாள் தாண்டியிருந்தாலும் போங்கள், முதலிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டார்கள். பத்தியம் எதுவும் வேண்டாம், பிள்ளைக்கு மீன் கொடுக்கலாம்.

ஆமாம், அந்த நாய் என்ன ஆயிற்று? இத்தனை எழுதியவர் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. அது வேறு யாரையும் கடித்ததா என்று தெருவில் விசாரித்துப் பாருங்கள். டி.டி. மட்டும் போட்டுக்கொண்டு, நாயைக் காணோம் என்பதையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு, நாலு வீடு தள்ளி ஒருவர் நிம்மதியாக இருக்கலாம்.