ஓவியர்களை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்துப் போகும்போது

கேள்வி: பினாங்கின் பெருநிலப் பக்கம், நிபோங் திபாலில் எங்கள் விடுதியில் நான்கு ஓவியர்கள் தங்குகிறார்கள், வாட்டர்கலர்காரர்கள். ஒரே நாளில் ஜார்ஜ் டவுனை எப்படிக் காட்டுவது?

எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். வரைபவர்களுக்கு இரண்டு தெரு போதும்.

பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1.20 வாக்கில். ஆகவே 8 முதல் 11 வரை வெயில் சாய்வாக விழும். ஜன்னல் பலகை, தூண், சுதை வேலை எல்லாம் நிழலோடு எடுப்பாகத் தெரியும். அதற்குப் பிறகு சுவர் தட்டையாகிவிடும். விடிகாலை கொமியூட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து நடந்தே தீவுக்குப் போகும் பெர்ரியில் ஏறுங்கள்.

முதலில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. கோபுரத்தை எதிர்ப்பக்க ஐந்தடி நடையில் (கடைகளின் முன்னால் கூரையோடு போகும் நடைபாதை) உட்கார்ந்து வரையலாம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தூணோடு ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். நடுவில் முக்காலி போட்டால் ஆட்கள் வெயிலில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அடுத்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சில நிமிட நடைதான்.

பலரும் கோட்டை விடுவது ஈரக் காற்றில். குளிர்நாட்டுப் பழக்கத்தில் முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூசினால் நிறம் கலங்கிச் சேறாகிவிடும். புறங்கையைத் தாளில் வைத்துப் பார்க்கட்டும். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. தண்ணீரில் கரையாத மையில் முதலில் கோடு போட்டு, தடித்த தாளில் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்த நீரோடு பூசினால் தப்பலாம்.

உச்சி வெயிலில் நாசி கண்டார் கடைக்கு, அதாவது சோறும் கறிகளும் தரும் கடைக்கு, ஒதுங்குங்கள். பிற்பகலில் மழை பிடித்தாலும் ஐந்தடி நடையில் வேலை நிற்காது.